கரு கலைந்த பிறகு அடிவயிற்றில் தொந்தரவா? பெரிய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்போம்



நமது கூட்டமைப்பின் சுகாதாரக் குழு சார்பாக இந்த மாதம் ஒரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறோம். கூட்டத்தில் யாரும் எழுந்து நின்று சொல்லாத விஷயம். கூட்டம் முடிந்து, சேமிப்புப் பணத்தை எண்ணிக் கட்டி, எல்லோரும் செருப்பு மாட்டும் நேரத்தில் ஊக்குநரைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, எனக்கு ரெண்டு மாசமா அடிவயிறு வலிக்குது. அது கலைஞ்சதுல இருந்துதான்" என்று சொல்கிறார்களே, அந்த விஷயம்.

கடன் விண்ணப்பங்களைப் பார்த்தாலும் இது தெரிகிறது. "மருத்துவச் செலவு" என்று கேட்கும் இளவயது உறுப்பினர்களிடம் விசாரித்தால், பலருக்கும் கரு கலைந்த பிறகு வந்த தொந்தரவாக இருக்கிறது. வலி, வெள்ளைப்படுதல், நிற்காத உதிரப்போக்கு, மாதவிலக்கு வராமல் போவது என்று பல விதம். சிலர் கம்பவுண்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு நாள் கடத்துகிறார்கள். சிலர் மெடிக்கலில் வாய்க்கு வந்த மாத்திரையை வாங்கிப் போடுகிறார்கள். இன்னும் சிலர் ஒரே இடத்தில் காட்டிவிட்டு, அங்கே சொன்னதைக் கேட்டு நேராக கர்ப்பப்பையை எடுக்கத் தயாராகி விடுகிறார்கள். இடையில் செய்ய வேண்டிய ஒரு காரியம் விட்டுப் போகிறது. மகளிர் நோய் சிறப்பு மருத்துவர் ஒருவரிடம் முழுசாகக் காட்டி, காரணம் என்ன என்று கேட்பதுதான் அது. அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில், யார் மேலும் பழி வேண்டாம்

தெரிய வந்த கர்ப்பங்களில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை தானாகவே கலைந்து விடுகின்றன. அதில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்தில் நடப்பவை. அப்படி ஆரம்பத்தில் கலைவதற்குப் பெரும்பாலும் காரணம், கரு உருவாகும்போதே அதன் உள்கட்டமைப்பில் ஏற்படும் கோளாறு. குடம் தூக்கியதால், பப்பாளி ஒரு துண்டு சாப்பிட்டதால், பஸ்ஸில் போனதால் என்று வீட்டில் சொல்வார்கள். அதை நம்பி நாமே நம்மைக் குற்றவாளி ஆக்கிக்கொள்கிறோம். அந்தக் குற்ற உணர்ச்சியால்தான் பல பேர் பிறகு வரும் வலியையும் "நான் பட வேண்டியதுதான்" என்று பொறுத்துக்கொள்கிறார்கள். கலைந்தது ஒரு துக்கம். அதற்குப் பிறகு வருகிற வலிக்கு வைத்தியம் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

எது சாதாரணம்? எத்தனை நாள்?

கரு தானாகக் கலைந்தாலும், மாத்திரையில் கலைந்தாலும், ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்தாலும், சில தொந்தரவுகள் இருக்கத்தான் செய்யும்.

உதிரப்போக்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை இருக்கலாம். நாளுக்கு நாள் குறைந்து வர வேண்டும். அடிவயிறு மாதவிலக்கு நேரத்தில் வலிப்பதுபோல் சில நாள் இழுத்துப் பிடிக்கும். அதுவும் குறைந்துகொண்டே வர வேண்டும். அடுத்த மாதவிலக்கு பொதுவாக 4 முதல் 6 வாரத்தில் வரும். நான்கு மாதத்துக்கு மேல் ஆகிக் கலைந்திருந்தால் மார்பில் பால் சுரந்து கட்டிக்கொள்வதும் உண்டு. இதைப் பார்த்துத் தனியாக அழுதவர்கள் நம்மில் இருக்கிறார்கள். இறுக்கமான உள்ளாடையும் குளிர்ந்த துணி ஒத்தடமும் போதும், சில நாளில் வற்றிவிடும். மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் மட்டும் காட்ட வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் "குறைந்து வர வேண்டும்" என்பது. குறைந்த வலி மறுபடி கூடினால், நின்ற உதிரம் மறுபடி அதிகமாக வந்தால், அது சாதாரணம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரு கலைந்த இரண்டு வாரத்திலேயே அடுத்த கருமுட்டை வெளிவரலாம். மாதவிலக்கு வராமலேயே மறுபடி கர்ப்பம் தரிக்கலாம். உதிரம் முழுசாக நிற்கும் வரை கணவனும் மனைவியும் சேராமல் இருப்பது நல்லது. அதற்குப் பிறகு என்ன கருத்தடை, அடுத்த குழந்தைக்கு எப்போது முயற்சி செய்யலாம் என்பதை டாக்டரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அறிகுறி இருந்தால் இரவானாலும் கிளம்புங்கள்

1. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெரிய நாப்கின் வீதம், இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைவது. துணி வைக்கிறவர்களுக்கு, துணி மாற்ற மாற்றப் புடவை வரை ஒழுகுவது.

2. மயக்கம், கண் இருட்டிக்கொண்டு வருவது, உடம்பு சில்லிட்டு வியர்ப்பது.

3. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், கெட்ட நாற்றத்தோடு நீர் போவது.

4. தாங்க முடியாத வயிற்று வலி, வயிறு கல் மாதிரி இறுகுவது, வாந்தி நிற்காமல் வருவது.

5. ஒரு பக்கமாகக் கடுமையான வலி, அதோடு தோள்பட்டையிலும் வலி. இது கர்ப்பப்பைக்கு வெளியே, கருக்குழாயில் கரு தங்கி இருப்பதன் அடையாளமாக இருக்கலாம். "கலைஞ்சிடுச்சு" என்று நாம் நினைத்திருப்போம், ஆனால் குழாயில் கரு வளர்ந்துகொண்டிருக்கும். குழாய் வெடித்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து.

இந்த ஐந்தில் எது இருந்தாலும் 108-க்குப் போன் போட்டு, பிரசவ வசதியும் ஆபரேஷன் வசதியும் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். வீட்டுக்காரர் வரட்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஆம்புலன்ஸ் தேவையில்லை, ஆனால் தள்ளிப்போடவும் கூடாது

அடுத்து வருபவை உடனே உயிருக்கு ஆபத்து இல்லாதவை. ஆனால் மாதக்கணக்கில் இழுத்தடித்துப் பிற்காலத்தில் பெரிய தொந்தரவாக முடியக் கூடியவை. இவற்றுக்குத்தான் சிறப்பு மருத்துவரின் கருத்து அவசியம்.

இரண்டு வாரத்துக்கு மேலும் உதிரம் விட்டு விட்டு வருவது. கர்ப்பப்பையில் கருவின் துணுக்கு தங்கியிருக்கலாம். ஸ்கேனில் பார்த்து, மாத்திரையிலோ உறிஞ்சி எடுக்கும் முறையிலோ சரி செய்து விடலாம்.

அடிவயிறு, இடுப்பு வலியோடு மஞ்சளாக அல்லது பச்சையாக வெள்ளைப்படுதல், கணவனோடு சேரும்போது உள்ளே வலி. கர்ப்பப்பையிலும் குழாயிலும் கிருமி பிடித்திருக்கலாம். இதற்குச் சரியான மருந்தைச் சரியான நாள் கணக்குக்குச் சாப்பிட வேண்டும், வழக்கமாக 14 நாள். இரண்டு நாளில் வலி குறைந்ததும் நிறுத்தினால் கிருமி உள்ளேயே தங்கி, குழாய் அடைத்துக்கொள்ளும். பல நேரம் கணவனுக்கும் சேர்த்து மருந்து தர வேண்டி வரும். அதைச் சொல்லத் தயங்கக் கூடாது. ஒருவர் மட்டும் சாப்பிட்டால் மறுபடி வரும்.

சுத்தம் செய்த பிறகு எட்டு வாரமாகியும் மாதவிலக்கு வராதது, அல்லது சொட்டுச் சொட்டாக மட்டும் வந்து, மாதா மாதம் வயிறு மட்டும் வலிப்பது. "கலைஞ்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று விடுவார்கள். முதலில் மறுபடி கர்ப்பமா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால், கர்ப்பப்பையின் உள்சுவர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். சிறு குழாயில் கேமரா விட்டுப் பார்த்து ஒட்டுதலைப் பிரித்து விட முடியும். குழந்தை வேண்டும் என்று இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

முத்துப்பிள்ளை கர்ப்பம் என்று சொல்லிச் சுத்தம் செய்தது. குழந்தை உருவாகாமல் திராட்சைக் குலை போல வளர்வதை அப்படிச் சொல்வார்கள். இதில் சுத்தம் செய்ததோடு வேலை முடியாது. ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் அளவு முழுசாக இறங்கும் வரை டாக்டர் சொன்ன தேதியில் எல்லாம் போய்ச் சோதிக்க வேண்டும். அது வரை மறுபடி கர்ப்பம் ஆகக் கூடாது. சிலருக்கு அது புற்றுநோயாக மாறக்கூடும். ஆரம்பத்தில் பிடித்தால் நன்றாகவே குணமாகும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று பாதியில் விடுவதுதான் ஆபத்து.

அடி இறங்கின மாதிரி இருப்பது. கீழே ஏதோ இறங்கி வருவது போல, உட்கார்ந்தால் கனமாக, இருமினால் சிறுநீர் சொட்டுவது. முன்பே பிரசவமானவர்களுக்கும், மாதம் நிறையக் கடந்து கலைந்தவர்களுக்கும் இது வரலாம். ஆரம்ப நிலையில் தசைக்கான பயிற்சியே நல்ல பலன் தரும். சிறுநீரை அடக்கும்போது எந்தத் தசையை இறுக்குகிறோமோ, அதை இறுக்கி விடும் பயிற்சி. பெரிய அரசு மருத்துவமனைகளில் இயன்முறை மருத்துவப் பிரிவில் சொல்லிக் கொடுப்பார்கள்.

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் போல் இருப்பது. கர்ப்பப்பையில் கோளாறு இல்லாமல் சிறுநீர்ப் பையில் கிருமி இருக்கலாம். ஒரு சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்து விடும்.

மாதக் கணக்கில் வலி, மாலையில் லேசான காய்ச்சல், எடை குறைவது, மாதவிலக்கு குறைவது. நம் நாட்டில் கர்ப்பப்பையிலும் குழாயிலும் காசநோய் வருவது உண்டு. நுரையீரலில்தான் டி.பி. வரும் என்று பலரும் நினைக்கிறோம். அரசு மருத்துவமனையில் காசநோய்க்கு மருந்து இலவசம்.

இவ்வளவு காரணம் இருக்கிறது பாருங்கள். எல்லாவற்றுக்கும் நம் ஊரில் ஒரே பெயர், "சூடு". இளநீரும் வெந்தயமும் குடிப்பதில் தவறில்லை. ஆனால் கிருமிக்கும் ஒட்டுதலுக்கும் அது மருந்து ஆகாது.

யார் சிறப்பு மருத்துவர்? எங்கே பார்ப்பது?

"லேடி டாக்டர்கிட்டதான் காட்டினேன்" என்று சொல்கிறோம். டாக்டர் பெண்ணாக இருப்பது வேறு, மகளிர் நோய்க்குத் தனியாகப் படித்திருப்பது வேறு. போர்டில் எம்.பி.பி.எஸ்.-க்குப் பிறகு எம்.டி. (ஓ.ஜி.), எம்.எஸ். (ஓ.ஜி.), டி.ஜி.ஓ., டி.என்.பி. (ஓ.ஜி.) என்று ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். அவர்கள்தான் மகப்பேறு மற்றும் மகளிர் நோய் சிறப்பு மருத்துவர்கள்.

முதல் படி நம் கிராம சுகாதார செவிலியர். அவரிடம் சொன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட ஏற்பாடு செய்வார். அங்கே உள்ள டாக்டர் பார்த்துவிட்டு, தேவை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தருவார். சீட்டை நாமே கேட்டும் வாங்கலாம். "ரெண்டு தடவை மருந்து சாப்பிட்டும் குறையலை, மகளிர் நோய் டாக்டர்கிட்ட அனுப்புங்க" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மகளிர் நோய்க்குத் தனிப் பிரிவு உண்டு. நம் பக்கத்துக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனை, நாம் பெரியாஸ்பத்திரி என்று சொல்வது. சீட்டு இல்லாமலும் புறநோயாளிப் பிரிவுக்குப் போகலாம். ஆனால் சீட்டோடு போனால் அங்கே முழு விவரமும் தெரியும். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் ஓ.பி. இருக்காது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

ஓ.பி.யில் கர்ப்பிணிகளோடு சேர்ந்து உட்கார்ந்திருப்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். பல சகோதரிகள் இதற்காகவே போகாமல் இருந்திருக்கிறார்கள். துணைக்கு ஒருவரை அழைத்துப் போய், அவரை வரிசையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் சற்றுத் தள்ளி இருக்கலாம். நர்ஸிடம் விவரம் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

போகும்போது என்ன கொண்டு போக வேண்டும்?

குழுவில் வரவு செலவை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதுகிறோம். உடம்பின் கணக்கையும் அப்படி எழுதினால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். ஒரு பழைய நோட்டில் இதை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி. கலைந்த தேதி, அப்போது எத்தனை மாதம். தானாகக் கலைந்ததா, மாத்திரையா, சுத்தம் செய்தார்களா. இதற்கு முன் எத்தனை கர்ப்பம், எத்தனை பிரசவம், ஆபரேஷன் உண்டா. அன்றிலிருந்து இன்று வரை எந்தெந்த நாள் உதிரம், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் அல்லது துணி. வலி எந்த இடத்தில், எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது. காய்ச்சல் வந்த நாள். சாப்பிட்ட மருந்துகள். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனது உண்டா.

இதோடு டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனை, தசைப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். முன்பு பார்த்த இடத்தில் சீட்டுத் தரவில்லையா? எழுதிக் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு விதி சொல்கிறது.

ரத்த வகையையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நெகட்டிவ் வகை, கணவருக்குப் பாசிட்டிவ் என்றால், கரு கலைந்த 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி தேவையா என்று டாக்டரைக் கேட்க வேண்டும். அடுத்த குழந்தையைக் காப்பாற்றும் ஊசி அது.

ஒரு முக்கியமான விஷயம். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக் கலைத்திருந்தால், அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்தால் வைத்தியம் தப்பாகப் போகும். கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயர் விவரத்தை வெளியிடக் கூடாது, மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு என்று 2021-ல் சட்டமே திருத்தப்பட்டிருக்கிறது. திருமணம் ஆகாதவர்களுக்கும் இது பொருந்தும்.

உள்ளே என்ன செய்வார்கள்?

பயம் பாதி, தெரியாததால் வருவது. முதலில் கேள்வி கேட்பார்கள். பிறகு வயிற்றை அமுக்கிப் பார்ப்பார்கள். அடுத்து உள்பரிசோதனை. மல்லாந்து படுக்க வைத்து, ஒரு கருவியால் பிறப்புறுப்பை விரித்து கர்ப்பப்பை வாயைப் பார்த்து, தேவைப்பட்டால் பஞ்சுக் குச்சியில் நீரைத் தொட்டு எடுப்பார்கள். சில நிமிட வேலை. உடம்பைத் தளர விட்டு மூச்சை மெதுவாக விட்டால் வலி குறைவாக இருக்கும். வலித்தால் "நிறுத்துங்க" என்று சொல்லலாம். ஆண் டாக்டர் பார்க்கும்போது ஒரு பெண் அருகில் இருக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

பிறகு ரத்தம், சிறுநீர், ஸ்கேன். வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேன் என்றால் தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டு இருக்கச் சொல்வார்கள். உள்வழியாக எடுக்கும் ஸ்கேன் என்றால் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். கல்யாணம் ஆகாதவர்கள், உள்பரிசோதனை வேண்டாம் என்று நினைப்பவர்கள் அதை முன்பே சொல்லிவிடலாம்.

வெளியே வருவதற்கு முன் இந்த ஐந்து கேள்வியைக் கேட்காமல் எழுந்திருக்காதீர்கள்:

"எனக்கு என்ன கோளாறு?" "எதை வச்சு அப்படிச் சொல்றீங்க?" "மருந்துல சரியாகுமா, எத்தனை நாள்?" "ஆபரேஷன்னா ஏன், இப்பவே பண்ணணுமா?" "அடுத்து எப்ப வரணும், அதுக்குள்ள என்ன ஆனா உடனே வரணும்?"

"கர்ப்பப்பையை எடுத்துடணும்" என்று சொன்னால்?

இதைத் தனியாகச் சொல்ல வேண்டி இருக்கிறது. நம் கூட்டமைப்பில் நடந்த ஒன்றை, அந்தச் சகோதரியின் சம்மதத்தோடு எழுதுகிறோம்.

அவருக்கு 32 வயது, இரண்டு பிள்ளைகள். நாலாவது மாதத்தில் கரு கலைந்தது. அதன் பிறகு ஐந்து மாதமாக வலியும் வெள்ளைப்படுதலும். ஒரு தனியார் கிளினிக்கில் ஸ்கேன் எடுத்துவிட்டு, "கர்ப்பப்பை புண்ணாயிடுச்சு, விட்டா கேன்சர் ஆகும், எடுத்துடலாம்" என்று சொல்லி 45,000 ரூபாய் கேட்டார்கள். கால் பவுன் தோட்டை அடகு வைத்து, மீதியைக் குழுவில் கடன் கேட்டார். கிடைக்காவிட்டால் மீட்டர் வட்டிக்கு வாங்குவதாக இருந்தார். குழுவில் ஒரு மூத்த உறுப்பினர்தான் கேட்டார்: "எதுக்கு எடுக்கணும்னு இன்னொரு டாக்டர்கிட்ட கேட்டியா?" மறுநாளே ஊக்குநர் துணைக்குப் போய் பெரியாஸ்பத்திரியில் காட்டினார்கள். உள்பரிசோதனை, நீர்ப் பரிசோதனை, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை எல்லாம் செய்தார்கள். கிருமித் தொற்றுதான், புற்றுநோய் அறிகுறி இல்லை. கணவன் மனைவி இருவருக்கும் மருந்து கொடுத்தார்கள். மறுமாதம் போனபோது வலி நன்றாகக் குறைந்திருந்தது. பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவுக்குக் குழுவில் வாங்கியது 1,500 ரூபாய்.

இது ஒருவருக்கு மட்டும் நடப்பது இல்லை. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 3 பேர் கர்ப்பப்பை எடுத்தவர்கள் என்று தெரிய வந்தது. ஆந்திராவில் அது 9 பேர் அளவில் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு ஆபரேஷன்கள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் இளவயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019-ல் பெரிய செய்தியாகி, அந்த மாநில அரசே குழு அமைத்து விசாரித்தது. தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எல்லா மாநிலங்களும் அதை மூன்று மாதத்துக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது.

கர்ப்பப்பையை எடுத்தால் மறுபடி குழந்தை இல்லை என்பது மட்டும் இல்லை. கூடவே சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், மாதவிலக்கு நிற்கும் வயதில் வர வேண்டிய தொந்தரவுகள் எல்லாம் மறுமாதமே வரும். எலும்பு தேயும், இருதய நோய்க்கு வாய்ப்பு கூடும். கூலி வேலைக்குப் போகிற உடம்புக்கு இது சின்ன விஷயம் இல்லை. வெள்ளைப்படுதலுக்காக மட்டும், வலிக்காக மட்டும் காரணம் தெரியாமல் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியது இல்லை.

அதற்காக ஆபரேஷன் என்றாலே ஏமாற்று என்றும் நினைக்க வேண்டாம். நம் இன்னொரு உறுப்பினருக்குப் பெரிய நார்க்கட்டி. மருந்து கொடுத்தும் உதிரம் நிற்காமல் ரத்தத்தின் அளவு 6-க்கு இறங்கிவிட்டது. இரண்டாவது டாக்டரும் ஆபரேஷன்தான் நல்லது என்றார். செய்துகொண்டார், இப்போது வயல் வேலைக்குப் போகிறார். இரண்டாவது கருத்துக் கேட்டதால் அவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை, மனசில் சந்தேகம் இல்லாமல் ஆபரேஷனுக்குப் போனார். உதிரம் கொட்டுகிற அவசர நேரத்தில் மட்டும் இன்னொரு டாக்டரைத் தேடி அலைய வேண்டாம். மற்ற எல்லா நேரத்திலும் கேட்க நேரம் உண்டு. இரண்டாவது கருத்துக் கேட்பது நோயாளியின் உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்திலும் இருக்கிறது. முதல் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று நினைத்து நம் உடம்பைப் பணயம் வைக்க முடியாது.

நம் குழு என்ன செய்யலாம்?

1. அவசர மருத்துவக் கடனுக்கு மாதக் கூட்டம் வரை காத்திருக்க வைக்காமல், ஊக்குநரும் இரண்டு பிரதிநிதிகளும் கையெழுத்திட்டு ஒரே நாளில் கொடுக்கலாம் என்று தீர்மானம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2. தீர்மானப் புத்தகத்தில் "மருத்துவச் செலவு" என்று மட்டும் எழுதுங்கள். என்ன நோய் என்று எழுத வேண்டாம், கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்கவும் வேண்டாம்.

3. கர்ப்பப்பை ஆபரேஷனுக்குக் கடன் கேட்டால், இரண்டாவது டாக்டரிடம் காட்டியாகிவிட்டதா என்று அன்பாகக் கேளுங்கள். காட்டவில்லை என்றால் பஸ் செலவைக் கொடுத்து, துணைக்கு ஒருவரை அனுப்புங்கள். இதைச் சொல்லிக் கடனை மறுக்க வேண்டாம்.

4. ஆஸ்பத்திரிக்குத் துணை போகத் தயாராக இருக்கும் இரண்டு பேரை ஒவ்வொரு குழுவிலும் முன்பே முடிவு செய்து வையுங்கள். அவர்கள் கேட்டதை வெளியே சொல்லாதவர்களாக இருக்கட்டும்.

5. கரு கலைந்த சகோதரி வீட்டுக்குப் போனால் "ஏன் கலைஞ்சது?" என்று கேட்க வேண்டாம். "சாப்டியா, உதிரம் குறைஞ்சுதா, காய்ச்சல் இருக்கா?" என்று கேளுங்கள். தூக்கம் இல்லாமல், யாரோடும் பேசாமல், அழுதுகொண்டே வாரக் கணக்கில் இருந்தால் அதுவும் டாக்டரிடம் சொல்ல வேண்டியதுதான். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்து தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மாமியாராக இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மருமகள் வயிற்று வலி என்று சொன்னால் வேலைக்குச் சாக்கு என்று நினைக்காதீர்கள். நம் காலத்தில் நாம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். அதனால் இன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று நமக்கே தெரியும். நீங்களே முன் நின்று அழைத்துப் போனால் அந்தப் பெண் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள்.

அடுத்த மாதக் கூட்டத்தில், சேமிப்பு வசூல் முடிந்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு உறுப்பினர் இந்தக் கட்டுரையைச் சத்தமாகப் படித்துக் காட்டட்டும். உடனே போக வேண்டிய ஐந்து அறிகுறிகளையும், ஐந்து கேள்விகளையும் ஒரு அட்டையில் எழுதிக் கூட்டம் நடக்கும் இடத்தில் மாட்டி வையுங்கள். 108, 104 இரண்டும் அந்த அட்டையில் பெரிதாக இருக்கட்டும்.

அன்புடன்,
சுகாதாரக் குழு